குடும்ப ஜெபம் தொடங்குகிறவர்களுக்கு

கல்யாணமாகிப் புதிதாகத் தனிக்குடித்தனம் வந்தவர்கள், சமீபத்தில் ஞானஸ்நானம் எடுத்தவர்கள், அப்பா அம்மா இருந்தவரை ஒழுங்காக நடந்து பிறகு ஜெபம் நின்றுபோன வீட்டுக்காரர்கள். இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), லுத்தரன் போன்ற தமிழ்ச் சபைகளின் வீட்டு வழக்கத்தை ஒட்டியே சொல்கிறோம். கத்தோலிக்க வீடுகளில் இந்த இடத்தில் மாலை ஜெபமாலை இருக்கும். அங்கேயும் நன்றிக் குறிப்பேட்டையும் பிடியரிசியையும் (தினம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கையாக எடுத்துவைப்பது) அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

பல வீடுகளில் ஜெபம் நின்றுபோவதற்குக் காரணம் பக்தி குறைவு அல்ல, நீளம். முதல் நாள் உற்சாகத்தில் நாலு பாட்டு, இரண்டு அதிகாரம், ஆளுக்குப் பத்து நிமிஷ ஜெபம் என்று ஒரு மணி நேரம் ஓடிவிடும். இரண்டாம் வாரம் பிள்ளைக்குப் பரீட்சை வரும், உங்களுக்கு அலுவலகத்தில் நேரமாகும். ஒரு மணி நேரம் இல்லாத நாளில் ஒன்றுமே நடக்காது. ஆகவே 15 நிமிஷம் போதும். ஆறு மாதம் கழித்து வீடே விரும்பினால் 20 ஆக்கலாம், அதற்கு முன் கூட்ட வேண்டாம்.

வேண்டிய பொருள்கள் கொஞ்சம்தான்: வாசிக்கத் தெரிந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வேதாகமம், ஒரு பாட்டுப் புத்தகம், 80 பக்க கோடு போட்ட நோட்டு ஒன்று, பேனா, மூடியுள்ள ஒரு டப்பா. டப்பா எதற்கென்று பின்னால் வரும்.

நேரமும் இடமும்

கடிகார நேரத்தை நம்பாதீர்கள். "இரவு எட்டரை" என்று வைத்தால் எட்டரைக்கு ஒருவர் குளித்துக்கொண்டிருப்பார். தினமும் எப்படியும் நடக்கிற ஒரு வேலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலான வீடுகளுக்கு ஒத்துவருவது ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்பு. சமையல் முடிந்து, தட்டு வைப்பதற்கு முன் பாயை விரித்துவிடுவது. சாப்பிட்ட பிறகு என்றால் சின்னப் பிள்ளைகள் தூங்கிவிடும், பெரியவர்கள் தூங்காதது போல் உட்கார்ந்திருப்பார்கள். மில், மருத்துவமனை என்று ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிற வீட்டில் காலையில் தேநீர் நேரம் நல்லது.

எல்லாரும் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் இருப்பவர்களோடு தொடங்குங்கள். "இரண்டுபேராவது மூன்றுபேராவது" என்றுதான் மத்தேயு 18:20 சொல்கிறது. வராத மகனை அறை வாசலில் நின்று மூன்று தரம் கூப்பிட்டால் ஜெபம் தொடங்கும்போதே வீட்டில் கோபம் வந்து உட்கார்ந்துவிடும். ஒரு தரம் கூப்பிடுங்கள். பிறகு பாட்டுச் சத்தம் கூப்பிடட்டும்.

தரையில் பாய், முட்டி வலிக்கிறவர்களுக்கு நாற்காலி. தொலைக்காட்சியை ஊமையாக்கினால் போதாது, அணைத்துவிடுங்கள். வேதத்தைக் கைபேசியில் வாசிக்கும் பழக்கம் இருந்தால் அந்த 15 நிமிஷத்துக்கு இணையத்தை நிறுத்தி வையுங்கள். திரையின் மேல் ஓரத்தில் குடும்பக் குழுவின் செய்தி ஒன்று எட்டிப்பார்த்தால் கண் அங்கேதான் போகும். அச்சுப் புத்தகமே நல்லது என்பது எங்கள் கட்சி. அதில் அம்மா கோடு போட்ட வசனத்தைப் பிள்ளை பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடிக்கும்.

நேரத்தை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம்: பாட்டு 3 நிமிஷம், வாசிப்பு 4, நன்றி சொல்வது 3, ஜெபம் 4, கடைசியில் எல்லாரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபமும் ஆசீர்வாதமும். நடத்துகிறவர் வாரத்துக்கு ஒருவர் என்று மாறட்டும். பத்து வயதுப் பிள்ளையும் நடத்தலாம். அப்பாவே நிரந்தரமாக நடத்துகிற வீட்டில் அப்பா வெளியூர் போகும் நாளெல்லாம் ஜெபமும் வெளியூர் போய்விடும்.

பாட்டு

ஒரு வாரம் முழுக்க ஒரே பாட்டு. ஏழு நாள் பாடினால் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைக்குக்கூட இரண்டு சரணம் மனப்பாடமாகிவிடும். ஒரு மாதத்தில் நாலு பாட்டு, அதுவே நல்ல இருப்பு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுக்கி விழுவது சுருதியில். கீர்த்தனைகளில் பல்லவி இதமான இடத்தில் இருக்கும், அனுபல்லவியில் மேலே ஏறும். பல்லவியையே உயரத்தில் எடுத்தால் அனுபல்லவியில் ஆண்கள் பாதியில் வாயை மூடுவார்கள், பெண்கள் கத்துவார்கள். தொடங்குமுன் அந்த உயரமான வரியை மனதுக்குள் ஒரு தரம் பாடிப் பார்த்து, அதற்குத் தக்கபடி கீழே எடுங்கள். யாருக்குமே பாட வராத வீடு என்றால் சங்கீதம் 100ஐ, அது ஐந்தே வசனம், ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் அடுத்த வரி சொல்லுங்கள். அது பாட்டுக்குக் குறைந்ததல்ல. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருந்தால் ஒலிபெருக்கி, டிரம்ஸ் தடம் எதுவும் வேண்டாம். சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கலாம்.

எதை வாசிப்பது

ஆதியாகமத்தில் தொடங்காதீர்கள். ஆதியாகமமும் யாத்திராகமத்தின் முதல் பாதியும் கதையாக ஓடும். யாத்திராகமம் 25ஆம் அதிகாரத்துக்கு மேல் ஆசரிப்புக் கூடாரத்தின் முழ அளவுகள் வரும், அதைத் தாண்டினால் லேவியராகமம். புதிய வீடுகளில் வேதவாசிப்பு நின்றுபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம். ஒரு நாளைக்கு 20 வசனம் வாசித்தால் ஆறு வாரத்துக்குள் முடியும். அதன் பிறகு லூக்கா. நன்றியையும் தாழ்மையையும் பற்றிய உவமைகள் அதிலேதான் செறிந்து கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒரு சங்கீதம்: 23, 34, 100, 103, 116, 121, 131. ஆண்டுக்குள் வேதத்தை முழுதும் வாசிக்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் அதைத் தனி ஜெபத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 1,189 அதிகாரங்கள். வார நாளில் மூன்று, ஞாயிறு ஐந்து என்று வாசித்தால் ஒரு வருஷத்தில் முடியும். பாயில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையை அந்த வேகத்தில் இழுக்கக் கூடாது.

ஆளுக்கு இரண்டு வசனமாகச் சுற்றி வாசியுங்கள். திக்கி வாசிக்கிற பிள்ளையைத் திருத்த வேண்டாம், அர்த்தம் மாறினால் மட்டும் மெதுவாக எடுத்துக்கொடுங்கள். சபைகளில் வழக்கமாக வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பின் (பழைய திருப்புதல்) தமிழ் பிள்ளைகளுக்குப் புரியவில்லை என்றால் இன்றைய மொழிபெயர்ப்பு ஒன்றையும் பக்கத்தில் வைத்து அதே பகுதியை வாசியுங்கள்.

வாசித்த பிறகு பிரசங்கம் வேண்டாம். "இதில் உனக்கு எது பட்டது?" என்று ஒரு கேள்வி போதும். "ஒண்ணுமில்ல" என்பதும் பதில்தான், விட்டுவிடுங்கள். வசனத்தை ஆள் பார்த்து எறிகிற வேலை மட்டும் கூடவே கூடாது. எபேசியர் 6:1ஐ, பிள்ளைகள் பெற்றோருக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை, அழுத்தி வாசிக்கிற தகப்பனார் பலர் நாலாம் வசனத்துக்கு வருவதே இல்லை. பிள்ளைகளைக் கோபப்படுத்தாதிருங்கள் என்று பிதாக்களுக்குச் சொல்லியிருப்பது அங்கேதான்.

நன்றி சொல்வது

இந்தப் பகுதியைச் சரியாகச் செய்தால் மற்றவை தானாக ஒழுங்குக்கு வரும். செய்யவேண்டியது இது: ஒவ்வொருவரும் கடந்த 24 மணி நேரத்துக்குள் நடந்த மூன்று காரியங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஆளோ இடமோ பொருளோ பெயரோடு வர வேண்டும்.

"எல்லா நன்மைகளுக்காகவும் ஸ்தோத்திரம்" என்பது கணக்கில் சேராது. அதைத் தூக்கத்தில்கூடச் சொல்லலாம். "மூணு நாளா வராத தண்ணி லாரி இன்னிக்கு வந்துச்சு." "கணக்கு டீச்சர் எனக்குத் தனியா இன்னொரு தடவை சொல்லிக்கொடுத்தாங்க." "அத்தைக்குச் சர்க்கரை இறங்கியிருக்கு." இப்படி இருக்கட்டும். சங்கீதம் 103:2 "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே" என்று சொல்லிவிட்டு உடனே மன்னிப்பு, சுகம், அழிவிலிருந்து மீட்பு என்று ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்குகிறது. அந்த எண்ணுகிற வேலையைத்தான் நாமும் செய்கிறோம்.

மூன்றில் ஒன்றாவது ஒரு மனிதர் உங்களுக்குச் செய்ததாக இருக்கட்டும். அடுத்த நாள் அந்த மனிதரிடம் அதைப் போய்ச் சொல்லிவிடுங்கள். லூக்கா 17இல் பத்துக் குஷ்டரோகிகள் சுத்தமானார்கள், திரும்பி வந்தவன் ஒருவன். மற்ற ஒன்பது பேரும் நன்றியில்லாதவர்களாகவே இருந்தார்கள் என்று சொல்ல முடியாது, மனதுக்குள் நினைத்திருக்கவும் கூடும். அவர்கள் நடந்து திரும்பி வரவில்லை. பால்காரர், பள்ளி வேன் ஓட்டுநர், படிக்கட்டு கூட்டுகிற அம்மா என்று இந்த வரிசை விரியும்போது வீட்டின் பேச்சே மாறும்.

நோட்டை இப்படிப் பிரியுங்கள். இடது பக்கம் தேதி போட்டு அன்றைய நன்றிகள், ஆளுக்கு ஒரு வரி. வலது பக்கம் விண்ணப்பங்கள்: யாருக்காக, என்ன, என்று முதல். பதில் கிடைத்தால் அந்த வரிக்கு நேரே தேதி. கிடைக்கவில்லை என்றால் வெறுமையாக விடுங்கள், அடித்துவிடாதீர்கள். மாதத்தின் கடைசி ஞாயிறு அந்த மாதப் பக்கங்களைச் சத்தமாக வாசியுங்கள். வெறுமையாக இருக்கிற வரிகளையும் சேர்த்து வாசிக்க வேண்டும். நடந்ததை மட்டும் வாசிக்கிற வீட்டில் பிள்ளைகள் வளர்ந்த பிறகு, நடக்காததை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாமல் தவிக்கும்.

பிறந்தநாள், திருமண நாள், டிசம்பர் 31 இரவு ஆராதனைக்குப் போகுமுன் உள்ள அரை மணி நேரம், இவற்றுக்குச் சங்கீதம் 136 அருமையான மாதிரி. அதில் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடிகிறது. நோட்டைப் பார்த்து அந்த வருஷத்து நன்றிகளை வரி வரியாக ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அந்த முடிவைச் சொல்லட்டும். 26 வரி தேறாவிட்டால் பத்து போதும்.

ஆயிரம் ஸ்தோத்திரங்கள் அச்சிட்ட சிறு புத்தகங்கள் பல வீடுகளில் உண்டு. அவற்றில் தவறில்லை. ஆனால் முடிக்கவேண்டும் என்ற வேகத்தில் வாய் ஓட ஆரம்பித்துவிடும். பத்தை எடுத்து ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூச்சு நின்று சொல்லுங்கள்.

கெட்டுப்போகிற இடங்கள் இரண்டு. ஒன்று, ஒப்பிட்டு நன்றி சொல்வது: "எதிர்வீட்டுக்காரங்க மாதிரி நம்மளைக் கஷ்டப்பட விடலையே, ஸ்தோத்திரம்." லூக்கா 18இல் பரிசேயன் (வேதச் சட்டத்தைக் கறாராகக் கைக்கொண்ட யூதப் பிரிவினன்), வரி வசூலிக்கிற ஆயக்காரனோடு தன்னை ஒப்பிட்டுச் செய்ததும் இதுதான். அவன் ஜெபமும் நன்றியில்தான் தொடங்குகிறது: "இந்த ஆயக்காரனைப்போலவும் இராததனால் உமக்கு ஸ்தோத்திரஞ்செலுத்துகிறேன்." வேலை போய் உட்கார்ந்திருக்கிற மைத்துனர் பாயில் இருக்கும்போது உங்கள் சம்பள உயர்வுக்கு உரக்க நன்றி சொல்வதும் இந்த வகைதான். அதைத் தனியாகச் சொல்லிக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, துக்கத்தில் இருப்பவர் வாயில் நன்றியைத் திணிப்பது. சாவு விழுந்த வீட்டில் போய் "இதற்கும் ஸ்தோத்திரம் சொல்லுங்க" என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லாதீர்கள். சங்கீதப் புத்தகத்திலேயே அழுகைக்கு இடம் விட்டிருக்கிறது. சங்கீதம் 13இல் ஆறே வசனம், "கர்த்தாவே, எதுவரைக்கும்" என்று தொடங்கிப் பாட்டில் முடிகிறது. சங்கீதம் 88 அப்படி முடிவதுகூட இல்லை, இருளிலேயே நின்றுவிடுகிறது. கெட்ட செய்தி வந்த வாரத்தில் மூன்று நன்றி என்ற ஒழுங்கை நிறுத்திவைத்து இவற்றில் ஒன்றை வாசியுங்கள். நன்றி சொல்லத் தோன்றுகிறவர் தானாகச் சொல்வார்.

ஜெபம்

முதலில் 30 விநாடி மௌனம். அன்றைக்குத் தான் செய்த தப்பை ஒவ்வொருவரும் மனதுக்குள் சொல்லட்டும். வார்த்தை வராதவர்களுக்கு லூக்கா 18இல் அந்த ஆயக்காரன் சொன்னதே போதும்: "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." அதன் பிறகு பிறருக்காக, கடைசியில் வீட்டுக்காக. இந்த வரிசை மாறினால் நம் கடன், நம் பரீட்சை, நம் முட்டிவலியிலேயே நாலு நிமிஷமும் போய்விடும். பிறருக்காக என்னும்போது நாளுக்கு ஒரு வட்டம் வைத்துக்கொள்ளலாம்: திங்கள் உறவினர், செவ்வாய் அக்கம்பக்கம், புதன் நோயாளிகள், வியாழன் பள்ளியும் ஆசிரியர்களும், வெள்ளி ஆட்சியில் இருப்பவர்கள், சனி சபையும் போதகரும். பிள்ளைகளிடம் ஒரு வாக்கிய ஜெபம் கேளுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

ஜெபத்துக்குள் நுழைகிற கள்ளத்தனங்கள் மூன்று நாலு உண்டு. வம்பு பேசுவது ஒன்று. மூன்றாம் வீட்டுக்காரர் குடிப்பழக்கத்தை அவர் பெயரோடும் விவரத்தோடும் ஜெபமாக்கிவிட்டால் அது வம்பு இல்லை என்று ஆகிவிடுமா? பெயரை மட்டும் சொல்லுங்கள், விவரம் ஆண்டவருக்குத் தெரியும். இன்னொன்று, குத்துவது. "ஆண்டவரே, இந்த வீட்டில் சிலர் பெரியவர்களை எதிர்த்துப் பேசுகிறார்கள், அவர்களுக்குப் புத்தியைத் தாரும்" என்று மாமியார் ஜெபித்தால், கண்ணை மூடியிருக்கிற மருமகள் ஆமென் சொல்வதா வேண்டாமா? குறை சொல்கிற வாக்கியம் எல்லாம் "நான்" என்று தொடங்க வேண்டும் என்று ஒரு விதியே வைத்துக்கொள்ளுங்கள். குரலை மாற்றி, மேடையில் பேசுகிறவர் போல ஏற்றி இறக்கிச் சொல்வதையும் விட்டுவிடலாம்.

சாயங்காலம் ஆறு மணிக்குப் புருஷனுக்கும் மனைவிக்கும் சண்டை. எட்டு மணிக்கு ஜெபம். என்ன செய்வது? ரத்து செய்யாதீர்கள், நடிக்கவும் வேண்டாம். அன்று பாட்டும் பகிர்தலும் இல்லை. எட்டு வசனமுள்ள சங்கீதம் 130ஐ வாசித்துவிட்டு, நேரே கர்த்தருடைய ஜெபம். "எங்கள் கடனாளிகளுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல" என்ற இடத்துக்கு வந்ததும் கொஞ்சம் நில்லுங்கள். பேசித் தீர்ப்பது பிள்ளைகள் தூங்கிய பிறகு நடக்கட்டும், ஆனால் அன்று இரவே நடக்கட்டும்.

பிடியரிசி

உலை வைக்க அரிசி அளந்ததும், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனி டப்பாவில் போடுவது தமிழ்ச் சபைகளில் பழைய வழக்கம். காசே கைக்கு வராத வீட்டுப் பெண்களும் தங்கள் கையால் கொடுக்கக்கூடிய காணிக்கை இது. மிசோரம் சபைகளிலும் 1910 முதல் இதேபோன்ற வழக்கம் இருக்கிறது, ஊழியச் செலவில் பெரும்பங்கை அது தாங்கியிருக்கிறது. காஞ்சி மடத்துப் பிடியரிசித் திட்டம் பற்றியும் பலருக்குத் தெரிந்திருக்கும்.

பெரியவர் ஒருவரின் பிடி 40 முதல் 50 கிராம் வரை வரும். தினம் ஒரு பிடி என்றால் மாதத்துக்கு ஒன்றேகால், ஒன்றரை கிலோ. அளந்த அரிசியிலிருந்து எடுக்க வேண்டும், மூட்டையிலிருந்து தனியாக எடுக்கக் கூடாது. அப்போதுதான் அன்றைய சோறு ஒரு பிடி குறையும், அந்தக் குறைவு வீட்டுக்குத் தெரியும். பிள்ளைகள் கையால் போடச் சொல்லுங்கள்.

கவனிக்க வேண்டியவை: டப்பா நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கழுவிய ஈரக்கையால் எடுத்துப் போட்டால் கட்டிபிடித்துப் பூசணம் வரும். வண்டு வராமல் இருக்க இரண்டு காய்ந்த மிளகாய் போட்டுவையுங்கள், ஒரு மாதத்துக்கு மேல் வைக்காதீர்கள். புழுங்கலும் பச்சரிசியும் கலக்க வேண்டாம், வேகிற நேரம் வேறு என்பதால் வாங்குகிறவர் அதைச் சோறாக்க முடியாது. ஒன்று வெந்து குழையும்போது மற்றது நறுக்கென்று நிற்கும். இரண்டும் சமைக்கிற வீட்டில் இரண்டு டப்பா. நாம் சாப்பிடுவது பொன்னி, டப்பாவில் விழுவது மட்டும் ரேஷன் அரிசி என்ற ஏற்பாடு கூடாது. ரேஷன் அரிசியே சாப்பிடுகிற வீடு அதையே தாராளமாகப் போடலாம்.

சபையில் பிடியரிசி வாங்கும் வழக்கம் இருந்தால் அங்கே கொடுங்கள். நகரத்தில் பல சபைகளில் இல்லை. அப்படியானால் பக்கத்தில் உள்ள முதியோர் இல்லத்திலோ பிள்ளைகள் விடுதியிலோ முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கொடுக்கலாம், அல்லது தெரிந்த ஒரு வீட்டுக்கு. தெரிந்த வீடு என்றால் இருட்டிய பிறகு போங்கள், ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்காதீர்கள், ஜெபித்துவிட்டுத்தான் வருவேன் என்று உட்காராதீர்கள். அரிசி வாங்கியதற்காக அவர்கள் நம் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்பது எந்த நியாயம்?

ஸ்தோத்திரக் காணிக்கைக்கும் இதே கவனம் வேண்டும். பிறந்தநாள், தேர்ச்சி, வீடு குடிபோனது என்று உறையில் போட்டுக் கொடுப்பதைச் சபையில் பெயர் சொல்லி வாசிப்பார்கள். நன்றியைச் சபையார் அறிவதில் குற்றமில்லை. தொகையையும் சேர்த்து வாசிக்கிற இடத்தில் உறையின் மேல் "ஒரு குடும்பம்" என்று மட்டும் எழுதிக் கொடுங்கள். சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த விளைபொருள்களை விற்கிற அறுப்பின் பண்டிகை ஏலத்தில் ஒரு தேங்காயை ஆயிரக்கணக்கில் ஏற்றிவிட்டுக் கெத்தாகத் திரும்புவது வேடிக்கையாகத்தான் இருக்கும். ஆனால் ஏலம் கேட்க வசதியில்லாமல் பின்னால் நிற்கிறவர் வீட்டுத் தேங்காய்தான் அது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

தாழ்மைக்கு வேலை கொடுப்பது

தாழ்மையாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தால் நம்மைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருப்போம். கைக்கு வேலை கொடுங்கள். யோவான் 13இல் இயேசு எழுந்து, சீலையை அரையில் கட்டி, பாத்திரத்தில் தண்ணீர் வார்த்துக் கால் கழுவினார். அது அந்த நாளில் வேலைக்காரர் செய்யும் வேலை. நம் வீட்டில் யாரும் தொட விரும்பாத வேலை எது என்று பாருங்கள். கழிப்பறை, சிங்க் அடைப்பு, குப்பைக் கூடை, படுக்கையில் இருக்கிற பெரியவரின் துணி. ஒரு தாளில் எழுதி வாரம் ஒருவருக்கு என்று முறை போடுங்கள். குடும்பத் தலைவர் பெயர் முதல் வாரத்திலேயே வரட்டும். செய்ததை அறிவிக்கக் கூடாது என்பது நிபந்தனை.

அடுத்தது, உங்கள் சமையலறை அலமாரியைத் திறந்து பாருங்கள். வேலைக்கு வருகிற அம்மாவுக்குத் தனித் தம்ளர், தனித் தட்டு இருக்கிறதா? இருந்தால் இன்றே அதை மற்றப் பாத்திரங்களோடு சேருங்கள். சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல் சுற்றறிக்கை அனுப்பியபோது தஞ்சாவூர்ப் பக்கத்துச் சபைகளில் பலர் கோபித்துக்கொண்டு வெளியேறினார்கள். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுவதுதான் அங்கே பெரிய சிக்கலாக இருந்தது. ஏறக்குறைய 200 வருஷம் ஆகிறது. கல்யாணப் பேச்சு வரும்போது அந்தச் சுற்றறிக்கை இன்னும் நம் வீட்டு வாசலில்தான் கிடக்கிறது. இதைத் தொடாமல் தாழ்மையைப் பற்றி எத்தனை பாட்டுப் பாடினாலும் பிள்ளைகள் நம்பமாட்டார்கள்.

திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அசனம் நடக்கும், எல்லாரும் வரிசையாக உட்கார்ந்து ஒரே சாப்பாடு சாப்பிடுவது. அங்கே பரிமாற ஆள் கூட்டம் கூடும், எச்சில் இலை எடுக்க ஆள் குறையும். புதிதாகச் சபைக்கு வந்தவர்கள் எந்தக் குழுவில் சேருவது என்று கேட்டால் இலை எடுக்கிற பக்கம் போகச் சொல்லுவோம். அங்கே யாரும் உங்களைச் சபைத் தேர்தலில் நிற்கச் சொல்லமாட்டார்கள்.

மன்னிப்புக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. மூன்று வாக்கியம்: என்ன செய்தேன் என்பது, அது தப்பு என்பது, மன்னிக்கும்படி கேட்பது. "நேத்து உன் நண்பன் முன்னாடி உன்னைத் திட்டினேன். அது தப்பு. மன்னிச்சிரு." நாலாவதாக "ஆனா நீயும்" என்று ஒரு வாக்கியம் வாய்வரை வரும். அதை விழுங்கிவிடுங்கள். பெற்றோர் பிள்ளையிடம் கேட்கும்போது குரலைக் குழைக்க வேண்டாம், சாதாரணமாகக் கேட்டால் போதும்.

ஞாயிறு

சனி இரவே துணி தேய்த்து, காணிக்கையை உறையில் போட்டு வேதத்துக்குள் வைத்துவிடுங்கள். காணிக்கைப் பை நம் வரிசைக்கு வரும்போது பர்ஸில் சில்லறை தேடுவது அதனால் நிற்கும். திருவிருந்து ஞாயிறு என்றால் சனிக்கிழமை ஜெபத்தில் 1 கொரிந்தியர் 11:23 முதல் 29 வரை வாசித்து, மௌனத்தை ஒரு நிமிஷமாக நீட்டுங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் அன்றைக்கே ஒரு போன். ஆராதனைக்குப் பத்து நிமிஷம் முன்னதாகப் போய், நடுப் பெஞ்சின் உள்பக்கம் உட்காருங்கள். ஓரத்தை அடைத்துக்கொண்டால் பிந்தி வருகிறவர்கள் உங்கள் காலை மிதித்துக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும்.

நின்றுபோனால், யாராவது வந்தால்

பிரயாணம், காய்ச்சல், கல்யாண வீடு என்று நாலு நாள் விட்டுப்போகும். விட்டதைச் சேர்த்து வாசிக்க முயலாதீர்கள். ஐந்தாம் நாள் சங்கீதம் 117ஐ வாசித்துவிட்டுக் கர்த்தருடைய ஜெபத்தோடு முடியுங்கள். அது இரண்டே வசனம், மூன்று நிமிஷம்கூட ஆகாது. மறுநாள் பழைய ஒழுங்கு.

கணவரோ மனைவியோ விசுவாசத்தில் இல்லாத வீட்டில் அவரை பாயில் உட்காரவைக்கப் போராட வேண்டாம். அவர் காதில் விழும்படி உரக்க ஜெபிப்பதும் வேண்டாம். அடுப்படியிலோ மொட்டைமாடியிலோ ஐந்து நிமிஷம் தனியாகச் செய்யுங்கள். நன்றிக் குறிப்பேட்டில் அவர் செய்த நல்லதும் வரட்டும், அதை அவரிடமே சொல்லுங்கள். 1 பேதுரு 3:1 "போதனையின்றி" என்று சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

ஜெப வேளையில் விருந்தாளி வந்துவிட்டால், காபி கொடுத்துவிட்டு, "நாங்க பத்து நிமிஷம் ஜெபம் பண்ணுவோம், நீங்களும் உட்காருங்க, இல்லேன்னா டி.வி. அறையில இருங்க" என்று இரண்டு வழியையும் சொல்லுங்கள். உட்கார்ந்தவரிடம் திடீரென்று "நீங்க ஜெபம் பண்ணுங்க" என்று கேட்டு அவரைத் திகைக்க வைக்காதீர்கள். வாசிக்க விருப்பமா என்று முன்னாலேயே கேட்டு இரண்டு வசனம் கொடுக்கலாம். போதகரே வந்திருந்தாலும் அந்த வாரம் நடத்துகிற முறை பத்து வயது மகளுடையது என்றால் அவளே நடத்தட்டும், போதகர் ஆசீர்வாதம் மட்டும் சொல்லட்டும்.